சமையலறையிலிருந்து வந்த ஐம்பது நிமிடம்

ஊர்க்கதைகளைக் குரலில் பதிவு செய்து வைக்கும் நம் மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். வந்த அன்றே நீங்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, எந்த மைக் நல்லது, எந்த மென்பொருளில் இரைச்சலை எடுக்கலாம் என்று கேட்டீர்கள். அதை நான் சொல்லப்போவதில்லை. தெரியாமல் இல்லை. அதில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியதால்தான் ஒரு பெரிய வம்பில் மாட்டிக்கொண்டேன். அந்த வம்பைத்தான் சொல்லப்போகிறேன்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் நான் எடமலைப்பட்டி புதூரில் கல்யாண வீடியோ எடிட் செய்துகொண்டிருந்தேன். மண்டபத்தில் குழந்தை அழும். பந்தியில் ஒருவர் சாம்பாருக்குக் கத்துவார். மாப்பிள்ளையின் மாமா மேளத்தையும் மீறி நிலம் விற்ற கதையைப் பேசிக்கொண்டிருப்பார். அத்தனையையும் துடைத்தெடுத்துவிட்டு, கெட்டிமேளம் மட்டும் கணீரென்று கேட்கும்படி கொடுப்பேன். ஒரு சித்தப்பா, வீடியோ முழுக்கத் தன் குரலே இல்லை என்று கடைக்கே சண்டைக்கு வந்தார். ரசனை இல்லாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

மையத்துக்கு வந்த பிறகும் புத்தி மாறவில்லை. காந்தி மார்க்கெட்டில் ஒரு காய்கறி மண்டிக்காரரைப் பேட்டி எடுக்கப் போனபோது, பக்கத்தில் நடக்கும் ஏலத்தைக் கொஞ்சம் மெதுவாகக் கூவச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சத்தம் நின்றால் இது மார்க்கெட் இல்லை, குடோன் என்று சொல்லிவிட்டு, உள்ளே மூட்டைகளுக்கு நடுவில் கொண்டுபோய் உட்காரவைத்தார். பதிவு சுத்தமாக வந்தது. போட்டுக் கேட்டால் மனிதர் கிணற்றுக்குள் விழுந்து பேசுவது போல இருந்தது. அதற்கும் பெருமைப்பட்டேன்.

நான் ஓய்வு பெற மூன்று வருடம் இருக்கும்போது, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துக்குப் பக்கத்துத் தெரு ஒன்றின் கதையைப் பதிவு செய்யச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் காவிரி கரை மீறி ஊருக்குள் வந்தபோது, தெருவில் இருந்த நாற்பது பேர் ஒரே மொட்டை மாடியில் மூன்று நாள் இருந்திருக்கிறார்கள். யாரைக் கேட்டாலும் கோவிந்தராசுவைக் கேளுங்கள் என்றார்கள். அந்த மாடி அவருடையது. காந்தி மார்க்கெட்டில் வாழை இலை கமிஷன் கடை வைத்திருந்து, பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்தவர். எழுபதைத் தாண்டிவிட்டார். டீக்கடையில் அவர் பேச ஆரம்பித்தால், ஆற்றில் குளிக்கப் போகிறவர்கள் தோளில் துண்டோடு நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

அவர் வீட்டுக் கூடத்தில் மைக்கை அவர் சட்டையில் மாட்டினேன். அவர் மனைவி செண்பகம் அம்மா எனக்குக் காபி கொடுத்துவிட்டு உள்ளே போகத் திரும்பினார். நீங்களும் உட்காருங்கள் என்றேன். எனக்கு என்ன தெரியும், எல்லாம் அவருக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார். நான் அதை நம்பினேன். உங்களில் யாராவது இந்த மாதிரி பதிலை நம்புகிற ஆளாக இருந்தால், இப்போதே வேறு வேலை தேடிக்கொள்ளுங்கள்.

கோவிந்தராசு தொடங்கினார். தண்ணீர் மார்பளவு வந்துவிட்டது என்றார். தேங்காய் துருவுகிற சத்தத்துக்கு நடுவில், இடுப்பளவு என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவர் ஒரு கணம் நிறுத்தி, ஆமா, இடுப்பளவு என்று ஒப்புக்கொண்டு மேலே போனார். பரிசலில் ஏறி எதிர்வீட்டுக்காரர்களைக் கூட்டிவந்தேன் என்றார். பரிசல் இல்லை, கல்யாண சமையல்காரரிடம் வாங்கின அண்டா, அதுவும் அடியில் ஒழுகும் என்று வந்தது. ஆமா, அண்டாதான் என்றார். நாற்பது பேருக்கு மூன்று நாள் சோறு போட்டேன் என்றார் நெஞ்சை நிமிர்த்தி. உள்ளே தாளிப்பு பொரிந்தது. அதற்கு மேல் கேட்டது இது:

"போட்டது நானு. நீங்க படுத்திருந்தீங்க."

"ஆமா, நான் படுத்திருந்தேன்," என்றார் கோவிந்தராசு, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு வாக்கியமாவது முழுசாகக் கிடைக்கிறதா? மறுநாள் போனதும், பதிவு நடக்கும்போது பேசாமல் இருக்க முடியுமா என்று செண்பகம் அம்மாவிடம் பணிவாகக் கேட்டேன். அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியம். நான் எங்கே பேசினேன் என்றார். அவர் விளையாடவில்லை. மூச்சு விடுவதை யாராவது நினைவு வைத்துக்கொள்கிறார்களா? சமையலறைக் கதவைச் சாத்திப் பார்த்தேன். குரல் கதவைத் தாண்டி இன்னும் உரக்க வந்தது. குக்கர் விசிலாவது இல்லாமல் இருக்கட்டும் என்று, சமையலைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொன்னேன். தள்ளிப்போட்டார். இரண்டு மணி வரை சாப்பாடு இல்லை. பசியில் கோவிந்தராசு மூன்று நாள் வெள்ளத்தை ஒரே நாளில் வடியவைத்துவிட்டார்.

மையத்துக்கு வந்து மூன்று நாள் உட்கார்ந்தேன். இரண்டு மணி பத்து நிமிடப் பதிவில் அந்த அம்மாவின் குரல் கேட்ட இடங்களை ஒவ்வொன்றாக வெட்டினேன். கோவிந்தராசு ஆமா, ஆமா என்று சொன்ன இடங்களையும் வெட்டினேன். எதற்கு ஆமா என்று கேட்பவர்கள் குழம்புவார்கள் அல்லவா? கடைசியில் ஒரு மணி இருபது நிமிடம் மிஞ்சியது. கண்ணாடி போல இருந்தது. வெட்டி எறிந்தது ஐம்பது நிமிடம். ஒருவர் ஐம்பது நிமிடம் பேசியிருக்கிறார், அதை இரைச்சல் என்று எடுத்துப் போட்டிருக்கிறோமே என்று அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கணினியில் இடம் அடைக்கிறது என்று மூலப் பதிவையும் அழித்தேன். மூலத்தை அழிக்கக் கூடாது என்று சுவரில் ஒட்டியிருந்த விதியை எழுதியவனே நான்தான்.

அடுத்த மாதம் அந்தத் தெருக்காரர்களுக்காக ஒரு சின்ன ஹாலில் பதிவைப் போட்டுக் காட்டினோம். முன்வரிசையில் கோவிந்தராசு புது வேட்டியில் இருந்தார். பக்கத்தில் செண்பகம் அம்மா. அவருக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டு ரங்கநாயகி மாமி. எண்பதை நெருங்குகிறவர், அந்த மாடியில் மூன்று நாள் இருந்தவர்.

தண்ணீர் மார்பளவு வந்தது. பரிசல் போனது. கோவிந்தராசு ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் ஸ்பீக்கர் பெட்டியை உற்றுப் பார்த்தார். எதையோ எதிர்பார்த்து வாயைத் திறப்பார், அதற்குள் பெட்டியில் இருந்த கோவிந்தராசு அடுத்த வீரச் செயலுக்குப் போயிருப்பார். நாற்பது பேருக்கு மூன்று நாள் சோறு போட்டேன் என்று பெட்டி சொன்னதும், ரங்கநாயகி மாமி தன் மந்தக் காதுக்குக் கேட்கும் அளவுக்கு, அதாவது ஹால் முழுக்கக் கேட்கும் அளவுக்குச் சொன்னார்:

"அன்னிக்குத் தளிகை பண்ணினது செண்பகம்னா. இவர் எப்போ கரண்டியைப் பிடிச்சார்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செண்பகம் அம்மா மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் கைதட்டினார்கள். வாசலில் அந்த அம்மா என்னிடம் வந்து, சத்தம் நல்ல தெளிவாக இருந்தது, நடுவில் ஒரு தொந்தரவும் இல்லை என்று சொன்னார். நான் அகமகிழ்ந்து நன்றி சொன்னேன். அந்த நன்றியை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் கோவிந்தராசு மையத்துக்கு வந்தார். வந்தால் வாசலிலேயே கதை தொடங்குகிற ஆள், அன்று பேசாமல் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார். வீட்டில் சண்டையா என்றேன். சண்டையே இல்லை, அதுதான் பிரச்சினை என்றார். சமைக்கிறாளாம், காபி கொடுக்கிறாளாம், பால் வாங்கி வரச் சொல்கிறாளாம். ஆனால் இவர் எதைச் சொன்னாலும் "சரிதாங்க" என்கிறாளாம்.

அதில் என்ன குறை என்று எனக்குப் புரியவில்லை. என் வீட்டில் அந்த வார்த்தையை நான் கேட்டு முப்பது வருடம் ஆகிறது. கேட்டால் ஊருக்கே இனிப்பு வாங்கிக் கொடுப்பேன்.

"உங்களுக்குப் புரியல தம்பி. கல்யாணமான நாள்லேருந்து நான் எது சொன்னாலும் இல்லன்னு சொன்னவ. நேத்து, காவிரி கிழக்கேயிருந்து மேற்கே ஓடுதுன்னு சொல்லிப் பாத்தேன். சரிதாங்கன்னுட்டா. எனக்கு பயமா இருக்கு."

டீக்கடைப் பக்கம் போவதையும் விட்டுவிட்டாராம். ஏன் என்றேன். அவர் சொன்னதை நான் அப்படியே குறித்துவைத்திருக்கிறேன். "எது நடந்துச்சு, எது நான் சேத்துக்கிட்டதுன்னு எனக்கே தெரியல தம்பி. அந்தக் கணக்கை அவதான் வச்சிருந்தா. நான் பாட்டுக்கு அடிச்சு விடுவேன், எல்லை தாண்டினா அவ பிடிச்சு இழுத்துருவா. இப்ப பிடிக்க ஆளில்ல."

அவர் வந்த காரியம் ஒன்றுதான். எடுத்த குரலை மறுபடி உள்ளே போட்டுக் கொடுங்கள், கொண்டுபோய் அவளிடம் போட்டுக் காட்டுகிறேன் என்றார். மூலத்தை அழித்துவிட்டேன் என்று சொன்னேன். கம்ப்யூட்டரில் குப்பைத் தொட்டி என்று ஒன்று இருக்குமே, பேரன் சொல்லியிருக்கிறான், அதில் பாருங்கள் என்றார். அவர் முன்னாலேயே திறந்து காட்டினேன். நான் சுத்தக்காரன் ஆயிற்றே, அதையும் காலி செய்திருந்தேன்.

அன்று மாலை நம் மையத்தின் தலைவியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பெயர் வேண்டாம், அவர் விரும்பமாட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பட்டியல் ஏட்டை என் பக்கம் தள்ளி, அந்தப் பதிவுக்கு நேரே, 'மனைவியின் பேச்சு பதிவாளரால் நீக்கப்பட்டது' என்று எழுதி, பதிவாளர் பெயரையும் போடச் சொன்னார். என் பெயரை நானே எழுதினேன். இன்றும் அங்கே இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

மறுநாள் செண்பகம் அம்மாவைத் தனியாகப் பேட்டி எடுக்கப் போனேன். இருபது கேள்விகள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில். அவர் சொன்னதுதான், அவருக்குத்தான் தெரியும். பதினோரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் எடுத்த மிகத் தெளிவான பதிவு அதுதான், உள்ளே ஒரு விஷயம்கூட இல்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அவரை உட்காரவைத்துச் சொல்லச் சொன்னால் வராது. யாராவது தப்பாகச் சொன்னால்தான் வரும். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கணவரின் தப்புகளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

கருவியை நிறுத்திவிட்டு மன்னிப்புக் கேட்டேன். வெட்டியது நான், என் முட்டாள்தனம், உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது என்றேன். செண்பகம் அம்மா நம்பவில்லை.

"நீங்க அவரை விட்டுக்கொடுக்க மாட்டீங்க தம்பி. அவருதான் எடுக்கச் சொல்லியிருப்பாரு. சொல்லட்டும், அவரு கதை. இனிமே அதுல நான் எதுக்கு?"

இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தவர் தன்னை வேண்டாம் என்று எடுத்துப் போட்டுவிட்டார் என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். அதை என்னால் மாற்ற முடியாது. நான் எத்தனை சத்தியம் செய்தாலும் அவர் காதில் அது கோவிந்தராசு சொல்லிக்கொடுத்ததாகத்தான் விழும்.

கோவிந்தராசுதான் ஒரு யோசனை சொன்னார். மறுபடி பதிவு வையுங்கள், நான் தப்பாகச் சொல்கிறேன், சாதாரணத் தப்பு இல்லை, அவளால் பொறுக்க முடியாத தப்பு என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. வேறு வழியும் இல்லை. ஒரு காரியம் மட்டும் ஒழுங்காகச் செய்தேன். செண்பகம் அம்மாவிடம் போய், சமையலறையில் ஒரு மைக் வைக்கலாமா, நீங்கள் ஏதாவது சொன்னால் இந்த முறை அது இருக்கும் என்று கேட்டேன். வையுங்கள், அதில் கேட்க ஒன்றும் இருக்காது என்றார். குக்கருக்குப் பக்கத்தில், மிளகாய்ப் பொடி டப்பாவின் மேல் வைத்தேன். எடிட்டிங் தெரிந்த எவனும் மைக் வைக்காத இடம்.

கூடத்தில் கோவிந்தராசு தொண்டையைச் செருமிக்கொண்டார். தண்ணீர் கழுத்தளவு வந்தது என்றார்.

"சரிதாங்க," என்றது சமையலறை.

ஒரு அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கொள்ளிடத்தை நீந்திக் கடந்தேன் என்றார். எதற்குக் கடந்தார், அங்கே என்ன இருந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சரிதாங்க என்று வந்தது. முதலையைப் பார்த்தேன் என்றார். சரிதாங்க. மாடியில் அடுப்பு மூட்டி நாற்பது பேருக்கு என் கையால் சமைத்துப் போட்டேன் என்றார். உள்ளே ஒரு கரண்டி கீழே விழுந்தது. நாங்கள் இருவரும் அந்தப் பக்கம் திரும்பினோம். கொஞ்ச நேரம் கழித்து, சரிதாங்க என்று வந்தது. கோவிந்தராசு கடைசி ஆயுதத்தை எடுத்தார். அன்று நான் வைத்த வத்தக்குழம்பைப் போல செண்பகத்துக்கு இன்று வரை வைக்கத் தெரியாது என்றார். எனக்கே பயமாகிவிட்டது. பாத்திரம் ஒன்று படாரென்று மூடப்பட்டது.

"சரிதாங்க."

கோவிந்தராசுவுக்குப் பொய் தீர்ந்துவிட்டது. அவரைப் போன்ற ஒருவருக்கு அது நடந்து நான் பார்த்ததில்லை. துண்டை மடியில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் போனது. என் கை நிறுத்தும் பொத்தானுக்குப் போயிற்று. இந்த மாதிரி அமைதியில் நமக்குக் கை பரபரக்கும். ஒரு கேள்வி கேட்டு ஒப்பேற்றத் தோன்றும், அல்லது போதும் என்று மூட்டை கட்டத் தோன்றும். அந்த வீட்டில் நான் ஏற்கெனவே வேண்டிய அளவு வெட்டியிருந்தேன். கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். இந்தத் தொழிலில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

கோவிந்தராசு மறுபடி பேசியபோது குரல் இறங்கியிருந்தது. என்னைப் பார்த்துப் பேசவில்லை.

"எல்லாம் பொய்யி தம்பி. நான் ஒண்ணுமே பண்ணல. மாடியில ஒரு மூலையில போர்வையைப் போத்திக்கிட்டு, பயந்து அழுதுக்கிட்டுக் கிடந்தேன். மூணு நாளும் அழுதுக்கிட்டேதான் கிடந்தேன். ஆக்கிப் போட்டது, பிள்ளைங்களைப் பாத்துக்கிட்டது, எல்லாம் அவதான். நான் ஒரு ஆளே இல்ல அங்க."

சமையலறையிலிருந்து சரிதாங்க வரவில்லை. குக்கர் ஒரு விசில் அடித்தது. பிறகு இன்னொன்று.

"இல்ல."

செண்பகம் அம்மா கரண்டியோடு சமையலறையைத் தாண்டிக் கூடத்துக்கு வந்து நின்றார். நான் அந்த வீட்டுக்குப் போன நாளிலிருந்து, கணவர் பேசும் பதிவு ஓடும்போது அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை.

"அழல தம்பி. காய்ச்சல். முத நாளு அந்த இடுப்பளவுத் தண்ணியில, எங்க வீட்டு அரிசி, மாமி வீட்டு அரிசி, தெருக்கோடி வீட்டு அரிசின்னு ஒவ்வொரு மூட்டையா தலையில வச்சு நாலு நடை தூக்கிட்டு வந்தாரு. அந்த அரிசி இல்லன்னா நான் எதை ஆக்கிப் போட்டிருப்பேன்? அதுலதான் காய்ச்சல். மூணு நாளு உடம்பு நெருப்பா கொதிச்சுது. பொழைப்பாரான்னே தெரியல. ஊரெல்லாம் பரிசலு, முதலைன்னு சொல்லுவாரு, இதை ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல."

"நாலு நடை இல்ல, ரெண்டுதான்," என்றார் கோவிந்தராசு தரையைப் பார்த்தபடியே.

"நாலு. எண்ணினது நானு. உங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கு?"

அதற்குப் பிறகு ஒன்றேகால் மணி நேரம் ஓடியது. ரங்கநாயகி மாமி முதல் நாள் தனியாக அவலை மென்றுகொண்டிருந்துவிட்டு, இரண்டாம் நாள் ஆசாரமெல்லாம் கீழே தண்ணீரோடு போய்விட்டது என்று சொல்லித் தட்டை நீட்டிய கதை, அண்டாவில் யார் ஏறுவது என்று நடந்த சண்டை, மாடியில் காய்ந்த சேலைகளைக் கட்டிப் பெண்களுக்கு மறைப்புச் செய்தது எல்லாம் அதில் வந்தது. கோவிந்தராசு ஒன்று சொல்வார், அந்த அம்மா இல்லை என்பார். விசில் மொத்தம் ஒன்பது. அதுவரை யாரும் போய் அடுப்பை அணைக்கவில்லை. சோறு கூழாகிவிட்டது, அதைத்தான் மூன்று பேரும் சாப்பிட்டோம்.

கிளம்பும்போது செண்பகம் அம்மா வாசல் வரை வந்தார். அவர் அழுதார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அந்த இடத்தை வேண்டுமானால் வெட்டிவிடுங்கள் என்றார். வெட்டமாட்டேன், காய்ச்சல் என்று நீங்கள் சொன்னதும் அதற்குப் பின்னாலேயே இருக்கும் என்று சொன்னேன். யோசித்துவிட்டு, சரி என்றார். உள்ளே கோவிந்தராசு எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பட்டியலில் நான் எழுதவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.